மனவெழுச்சி நுண்ணறிவும் மொழி கற்றல் உத்திகளும்: போடி வட்டார உயர்நிலைப்பள்ளி மாணவரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மொழி கருத்தை அறிவிக்கும் கருவி என்பர். கருவி கையில் இருந்தும், அதனை எடுத்தாளும் நெஞ்சம் அச்சத்தால் கட்டுண்டிருக்குமாயின் பயன் விளைவதில்லை. பள்ளியில் மொழிப்பாடம் கற்பிப்போர் எழுத்து, சொல், தொடர், இலக்கணம் என நிரல்படக் கற்பிக்கின்றனர். அந்நேரத்தில் கற்போன் உள்ளத்தில் எழும் நாணமும் அச்சமும் உவகையும் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை. எனினும், கற்பித்த பாடம் மாணவன் நாவில் ஏறுவதும் ஏறாமற் போவதும் பெரும்பாலும் அவ்வுணர்வுகளாலேயே முடிவாகின்றன.

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து ஆளும் திறனை மனவெழுச்சி நுண்ணறிவு எனக் கல்வி உளவியலார் வழங்குவர். ஒரு மொழியைக் கற்பதற்கு மாணவன் தானே கைக்கொள்ளும் வழிமுறைகளை மொழி கற்றல் உத்திகள் என்பர். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பைப் போடிநாயக்கனூரையும் அதனை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளையும் சார்ந்த உயர்நிலைப்பள்ளி மாணவரை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரத்தின் மொழிச்சூழல்

தேனி மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆறு பாயும் நிலத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். மலைமேல் விளையும் ஏலக்காய்க்கு இந்நகரே தமிழகத்துச் சந்தை. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலக்காய் ஏலம் போடியிலும், கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்த புற்றடியிலும் நிகழ்கின்றது. ஏலக்காய் வளர்ப்போர் சங்கத்தின் பெயரால் இவ்வூரில் ஒரு கல்லூரியும் நிற்கின்றது. ஏலம் இம்மக்களுக்குச் சோறிட்டதோடு கல்வியும் அளித்துள்ளது எனலாம்.

இவ்வட்டாரத்தின் சிறப்பு அதன் பன்மொழித் தன்மையாகும். ஊர்ப்பொது மொழி தமிழ். வீட்டினுள் தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் தலைமுறை பலவாக இங்கு வாழ்கின்றனர். போடிமெட்டைக் கடந்தால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என விரியும் தோட்டப்பகுதியில் மலையாளம் ஆட்சிமொழி. மலைச்சரிவில் வாழும் முதுவர் தமிழோடு நெருங்கிய உறவுடைய, எனினும் ஒலியிலும் சொல்லிலும் தனித்தன்மை வாய்ந்த பேச்சினை உடையர். பளியர்தம் பேச்சும் அத்தகையதே. ஏலக்காய் வணிகத்தில் வடநாட்டாருடன் பேச இந்தி வேண்டப்படுகின்றது. இசுலாமியச் சிறார் மக்தபில் அரபு எழுத்தைக் கற்கின்றனர். இவற்றின் மேலாகப் பள்ளியில் எழுத்துத்தமிழும் ஆங்கிலமும் நிற்கின்றன. 1968 முதல் தமிழகப் பள்ளிகளில் இருமொழிக் கொள்கை நிலவுகின்றது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால், தாய்மொழி யாதாயினும் பள்ளி மாணவர் தமிழைக் கட்டாயப் பாடமாகக் கற்கும் நிலை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, இவ்வட்டாரத்து மாணவர் பலர்க்குப் பள்ளித்தமிழும் ஒருவகையில் கற்றுத் தேற வேண்டிய மொழியே. தமிழையே வீட்டுமொழியாக உடையவர்க்கும் பேச்சு வழக்கிற்கும் எழுத்து வழக்கிற்கும் இடையே ஒரு மேடு கிடக்கின்றது. ஆங்கிலம் அதனினும் செங்குத்தான மேடு.

ஈண்டு ஒரு முரண்பாடு நம் சிந்தனைக்குரியது. சந்தையில் ஒரு மொழியும், தோட்டத்து ஜீப்பில் ஒரு மொழியும், அடுப்பங்கரையில் ஒரு மொழியுமாகத் தடையின்றிப் பேசும் சிறுவன், வகுப்பறையில் எழுப்பி நிறுத்தப்பட்டதும் ஊமையாகி விடுகின்றான். 'மொழி வராத பையன்' என்னும் பெயரும் அவனுக்கு வாய்க்கின்றது. மூன்று மொழிகளைத் தானே கற்றவனுக்கு நான்காவது மொழி வராமற் போனதன் காரணம் அறிவுக்குறைவு ஆகாது. அக்காரணத்தை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

மனவெழுச்சி நுண்ணறிவு: விளக்கம்

பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் மனவெழுச்சி நுண்ணறிவு என்னும் கருத்தை முறைப்பட வகுத்துரைத்தனர். 1995இல் வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. 1997இல் மேயரும் சாலவேயும் தம் கருத்தைச் செப்பஞ்செய்து இந்நுண்ணறிவை நான்கு கூறுகளாக்கினர். முகத்திலும் குரலிலும் வெளிப்படும் உணர்வை அறிதல் முதலாவது. சிந்தனைக்கு உணர்வைத் துணையாக்கிக் கொள்ளுதல் இரண்டாவது. ஓர் உணர்வு எதனால் எழுந்தது, எதுவாக மாறும் என உணர்தல் மூன்றாவது. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் நெறிப்படுத்துதல் நான்காவது.

உணர்வை அடக்கி ஒடுக்குதலே இந்நுண்ணறிவு எனச் சிலர் மயங்குவர். அஞ்சும் மாணவன், 'எனக்கு அச்சமாக இருக்கிறது. இது தேர்வைப் பற்றிய அச்சம். படித்த பகுதியை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தால் தணியும்' என்று எண்ணுவானாயின் அதுவே மனவெழுச்சி நுண்ணறிவு. அச்சமே இல்லாதவன்போல் நடித்தல் அதற்கு மாறானது.

மொழி கற்றல் உத்திகள்: விளக்கம்

மொழியை நன்கு கற்போர் என்ன செய்கின்றனர் என்னும் வினாவை 1975இல் ஜோன் ரூபின் எழுப்பினார். ஊகித்துப் பொருள்கொள்ளத் துணிதல், கருத்தைத் தெரிவிக்கும் வேட்கை, பிழைக்கு நாணித் தளராமை, மொழி அமைப்பைக் கூர்ந்து நோக்குதல், பயிற்சி வாய்ப்பை நாடுதல் முதலியன நல்ல கற்போரின் இயல்புகள் என அவர் கண்டார். இவற்றுள் பல அறிவின் இயல்பு என்பதினும் நெஞ்சத் துணிவின் இயல்பாக இருத்தல் நோக்கற்பாலது.

1990இல் ரெபெக்கா ஆக்ஸ்போர்டு மொழி கற்றல் உத்திகளை ஆறாக வகுத்தார். அவை வருமாறு:

1. நினைவு உத்திகள்: சொற்களைத் தொகுத்தல், படத்தோடும் ஒலியோடும் இணைத்தல், இடைவெளி விட்டு மீள நோக்குதல்.
2. அறிதிறன் உத்திகள்: உரக்கப் படித்தல், குறிப்பெடுத்தல், தொடரைப் பகுத்தறிதல்.
3. ஈடுசெய் உத்திகள்: தெரியாத சொல்லைச் சூழலால் ஊகித்தல், சொல் கிடைக்காவிடின் சுற்றிவளைத்துச் சொல்லுதல்.
4. திட்டமிடல் உத்திகள்: குறிக்கோள் அமைத்தல், தன் கற்றலைத் தானே அளவிடுதல்.
5. உணர்வு உத்திகள்: பதற்றத்தைத் தணித்தல், தன்னைத் தானே ஊக்குதல், தன் மனநிலையைக் கவனித்தல்.
6. சமூக உத்திகள்: வினவித் தெளிதல், பிறரோடு கூடிக் கற்றல், பிறர் நிலையை உணர்தல்.

ஐந்தாவதும் ஆறாவதும் மனவெழுச்சி நுண்ணறிவின் மறுபெயர்கள் போலவே தோன்றுகின்றன. மொழி கற்றலை ஆராய்ந்தோரும் உணர்வை ஆராய்ந்தோரும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே இடத்தை அடைந்துள்ளனர். எலைன் ஹார்விட்சும் உடன் ஆய்வாளரும் 1986இல் மொழி வகுப்பறைக்கே உரிய பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தனர். பேச அஞ்சுதல், தேர்வுக்கு அஞ்சுதல், பிறர் தம்மைத் தாழ மதிப்பர் என அஞ்சுதல் ஆகிய மூன்றோடும் உறவுடையது இப்பதற்றம் என்பது அவர்தம் கருத்து.

தமிழ் மரபில் இக்கருத்தின் வேர்கள்

இக்கருத்துகள் மேலைநாட்டுப் பெயரோடு வந்தமையால் நமக்குப் புதியன என்று கருதவேண்டுவதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நந்நான்கு எனக் காட்டுகின்றது. உணர்வுக்குப் பெயரிடுதலும் அதன் காரணத்தை ஆராய்தலும் ஆகிய இரண்டும் அவ்வியலில் அமைந்துள்ளன. மேயரும் சாலவேயும் கூறும் முதற்கூறும் மூன்றாம் கூறும் இவையே.

அவ்வியலை வகுப்பறை நோக்கில் பயில்வோர்க்குச் சில செய்திகள் வியப்பூட்டும். நகை தோன்றும் களங்களுள் ஒன்று எள்ளல். இளிவரல் என்னும் இழிவுணர்வு தோன்றும் களங்களுள் ஒன்று மென்மை. அதனை வறுமை எனக் கொள்ளும் உரையும் உண்டு. அச்சம் தோன்றும் களங்களுள் ஒன்று இறை. அரசர் முதலாக ஆசிரியர் ஈறாக மேல்நிலையில் இருப்போரை அது குறிக்கும் எனலாம். இனி, பெருமிதம் பிறக்கும் களங்களுள் கல்வியும், மருட்கை பிறக்கும் களங்களுள் புதுமையும், உவகை பிறக்கும் களங்களுள் விளையாட்டும் இடம்பெற்றுள்ளன. ஒரே வகுப்பறை அச்சத்தையும் இளிவரலையும் விளைக்கலாம். பெருமிதத்தையும் மருட்கையையும் உவகையையும் விளைக்கலாம். எதனை விளைப்பது என்பது அங்கு நிலவும் பழக்கத்தைப் பொறுத்தது.

திருக்குறளில் குறிப்பறிதல், வெகுளாமை, அவையஞ்சாமை என்னும் அதிகாரங்கள் உணர்வை அறிதலையும் ஆளுதலையும் பற்றியன. அவையில் அஞ்சாது மறுமொழி சொல்லும் பொருட்டே நூல்களை முறையாகக் கற்கவேண்டும் என்னும் கருத்து அவையஞ்சாமையில் அமைந்துள்ளது. அச்சத்தை நீக்கக் கல்வி ஒரு வழி என்றும், கல்வி பயன்பட அச்சம் நீங்கவேண்டும் என்றும் இருபுறமும் நோக்கியவர் வள்ளுவர்.

பவணந்தியாரின் நன்னூல் பொதுப்பாயிரம் கற்றல் முறையைக் கணக்கிட்டே கூறுகின்றது. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்பதால் கிடைப்பது கால்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் கணக்கு. ஆக்ஸ்போர்டு கூறும் சமூக உத்திகளுக்கு நன்னூலார் முக்கால்பங்கு அளித்துள்ளார். வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவன் அம்முக்கால்பங்கையும் இழக்கின்றான்.

திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில் மூசா நபி (அலை) இறைவனிடம் வேண்டும் இறைஞ்சலும் ஈண்டு நினையத்தக்கது. உள்ளம் விரிவடைய வேண்டும் என்பதே அவர்தம் முதல் வேண்டுகோள். காரியம் எளிதாதல் அடுத்தது. நாவின் முடிச்சு அவிழ்தல் அதன்பின்னர். உடன்பிறந்தார் ஆரூன் (அலை) துணையாதல் அதனையும் அடுத்தது. நாவுக்கு முன்னர் உள்ளம், நாவுக்குப் பின்னர் துணை என அமைந்த இம்முறைவைப்பு மொழி ஆசிரியர் அனைவர்க்கும் ஒரு பாடமாகும்.

எள்ளலும் இளிவரலும்

கருத்தை விளக்க ஒரு மாணவியைக் கற்பனையில் நிறுத்திக் காண்போம். அவள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு. விடுமுறையில் தாயோடு மலையேறித் தோட்டத்தில் காய் எடுக்கும்போது மலையாளம். காய் எடுக்கும் பருவத்தில் தாய் விடியுமுன் ஜீப் ஏறி இருட்டியபின் திரும்புவதால், தம்பி தங்கையர்க்குச் சோறிட்டு அனுப்பும் பொறுப்பும் அவளுடையதே.

ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்கின்றனர். தீவு என்னும் பொருளுடைய சொல்லை 'ஐலண்ட்' என ஒலிக்க வேண்டியவள் எழுத்தைக் கூட்டி 'இஸ்லாண்டு' என்கின்றாள். வகுப்பு நகைக்கின்றது. ஆசிரியரும் நகைக்கின்றார். அவள் நிறுத்திவிடுகின்றாள். மறுநாள் கடைசி வரிசையில் அமர்கின்றாள்.

அவள் செய்த பிழையைச் சற்று ஆராய்வோம். தமிழ் பெரும்பாலும் எழுதியவாறே ஒலிக்கப்படும் மொழி. எழுதப்பட்ட எழுத்து ஒலிக்காது நிற்கும் வழக்கம் தமிழ் கற்றவர்க்குப் புதிது. ஆகவே, தான் அறிந்த விதியைப் புதிய மொழியில் பொருத்திப் பார்த்தமையே அவள் செய்தது. இஃது அறிவின் செயல், ஓர் உத்தி. நகைப்பு அவ்வுத்தியை வேரறுத்தது. நகைத்தவர்க்கு அது நகை. நகைக்கப்பட்டவளுக்கு அதுவே இளிவரல். எள்ளல் என்னும் ஒரே வித்திலிருந்து இருவேறு மெய்ப்பாடுகள் முளைத்தன.

அன்றுமுதல் அவள் இழப்பன யாவை? உரக்கப் படித்தலை இழக்கின்றாள். தெரியாத சொல்லை ஊகித்துச் சொல்லும் துணிவை இழக்கின்றாள். ஐயம் வினவுதலை இழக்கின்றாள். தோழியோடு ஆங்கிலத்தில் ஒரு வரியேனும் பேசிப் பார்ப்பதை இழக்கின்றாள். எஞ்சுவது மனப்பாடம் ஒன்றே. எவர் காதிலும் விழாமல் செய்யத்தக்க உத்தி அதுதானே! விடைகளை உருவிட்டுத் தேர்வில் தேறவும் கூடும். ஆயின், அம்மொழி அவளுடையதாவதில்லை. தேறாவிடினோ, 'நமக்குப் படிப்பு வராது' என்னும் முடிவோடு பள்ளியை விட்டு நிரந்தரமாக ஜீப் ஏறும் நாளும் வரும். ஒரு நொடி நகைப்பின் விலை அத்துணைப் பெரிது.

முதுவர், பளியர் குடியிருப்புகளிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பயிலும் சிறார்க்கு இவ்விடர் ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் நேர்கின்றது. அவர்தம் ஒலிப்பும் சொல்லும் எள்ளப்படும்போது, வீட்டுமொழியே இழிவென்னும் எண்ணம் அவர்தம் உள்ளத்தில் பதிகின்றது. தன் மொழிக்கு நாணுபவன் பிறமொழியை நிமிர்ந்து நின்று கற்பது அரிது.

ஆய்வுகள் காட்டுவனவும் காட்டாதனவும்

மனவெழுச்சி நுண்ணறிவு இருந்தால் எல்லாம் வாய்த்துவிடும் எனப் பரப்புவோரும் உளர். உண்மை அதனினும் அடக்கமானது. கரோலின் மெக்கானும் உடன் ஆய்வாளரும் 2020இல் 42,000க்கும் மேற்பட்ட மாணவரைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோது, இந்நுண்ணறிவிற்கும் கல்வித் தேர்ச்சிக்கும் இடையே 0.20 என்னும் அளவிலான தொடர்பு காணப்பட்டது. இது சிறிய, ஆயினும் தள்ளத்தகாத தொடர்பு. அத்தொடர்பு அறிவியல் பாடங்களினும் மொழி முதலிய கலைப்பாடங்களில் மிகுந்திருந்தமை நமக்குக் குறிப்பிடத்தக்கது. பிறர் உணர்வை அறிதல் மொழிப்பாடத்தின் உட்பொருளிலேயே அடங்கியிருத்தல் இதற்கு ஒரு காரணமாகலாம். கதையில் வரும் ஒருவன் ஏன் அழுதான் என உணராதவன் அக்கதைபற்றி யாது எழுத இயலும்?

இத்திறன் பயிற்சியால் வளருமா என்பது அடுத்த வினா. ஜோசப் டர்லாக்கும் உடன் ஆய்வாளரும் 2011இல் 213 பள்ளித் திட்டங்களை, ஏறத்தாழ 2,70,000 மாணவரை உள்ளடக்கி ஆராய்ந்தனர். உணர்வுத்திறனும் சமூகத்திறனும் பயிற்றப்பட்ட மாணவர், பயிற்சி பெறாதாரினும் கல்வித் தேர்ச்சியில் சராசரி 11 நூற்றுமானப் படி உயர்ந்திருந்தனர். நூறு மாணவரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவன் ஏறத்தாழப் பதினோர் இடம் முன்னேறுவான் என்பது இதன் பொருள்.

அளவிடுதலில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'என் உணர்வை நான் நன்கு அறிவேன்' என்பது போன்ற கூற்றுகளுக்கு மாணவன் தானே மதிப்பெண் இடும் வினாத்தாள்கள், அவன் தன்னைப் பற்றி எண்ணுவதையே அளக்கின்றன. மேலைநாட்டு மாணவர்க்கென எழுதப்பட்ட வினாக்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தோட்டத்துச் சிறாரிடம் கொடுத்து, வந்த எண்ணை வைத்து ஒருவனை 'உணர்வறிவு குறைந்தவன்' என முத்திரையிடுதல் பெருந்தவறாகும். விடியுமுன் எழுந்து தம்பியைத் தேற்றி, உண்ணவைத்து, பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் சிறுமியின் உணர்வறிவை எந்த வினாத்தாளும் முழுதும் அளக்காது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால், உத்திகளைக் கற்பிக்குமுன் அவ்வுத்திகளைக் கையாளும் துணிவுக்கு வகுப்பறை இடந்தருதல் வேண்டும் என்பது புலனாகின்றது. பொருட்செலவின்றிச் செய்யத்தக்க சில முறைகளை ஆசிரியப் பெருமக்களின் சிந்தனைக்கு முன்வைக்கின்றோம்.

முதலாவது, பிழைக்கு நகைக்காமை. ஆண்டின் முதல் நாளிலேயே இதனை வகுப்பின் சட்டமாக்கி, ஆசிரியரே முன்னின்று காத்தல் வேண்டும். மாணவன் பேசி முடிக்கும்வரை இடைமறித்துத் திருத்தலாகாது. முடித்தபின், திருந்திய வடிவத்தை இயல்பாக ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

இரண்டாவது, காத்திருத்தல். வினாவைக் கேட்டபின் ஆசிரியர் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்றும், மூன்று நொடியேனும் காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன, பேசாத மாணவரும் பேசத் தொடங்குகின்றனர் என்றும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் கண்டறிந்தார். தெலுங்கில் எண்ணித் தமிழுக்குக் கொணர்ந்து ஆங்கிலத்தில் சொல்ல முயலும் மாணவனுக்கு இவ்விடைவெளி இன்றியமையாதது.

மூன்றாவது, இருவர், நால்வர், வகுப்பு என்னும் படிமுறை. ஒரு விடையை முதலில் பக்கத்துத் தோழனிடம் சொல்லுதல். பின்னர் நால்வர் குழுவில் சொல்லுதல். அதன்பின்னரே வகுப்பின்முன் சொல்லுதல். நன்னூலார் கணக்கை நடைமுறைப்படுத்தும் எளிய வழி இதுவே. மக்தபில் மூத்த சிறுவர் இளையோர்க்கு ஓதக் கற்பிக்கும் பழக்கமும் இத்தகையதே.

நான்காவது, உணர்வுக்குப் பெயரிடுதல். மெய்ப்பாடுகளின் பெயர்களை இலக்கணமாக மட்டும் கற்பியாது, 'இன்று இக்கதையைப் படித்தபோது உன்னிடம் தோன்றியது எது? மருட்கையா, இளிவரலா?' என வினவலாம். உணர்வைச் சொல்லால் குறிப்பிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் கிளர்ச்சி தணிகின்றது என மேத்யூ லீபர்மனும் உடன் ஆய்வாளரும் 2007இல் காட்டினர். சொல்வளமும் பெருகும், பதற்றமும் தணியும்.

ஐந்தாவது, மாணவனை ஆசிரியனாக்குதல். ஏலக்காயைப் பற்றி இவ்வட்டாரத்துச் சிறார் அறிந்த செய்திகள் மிகப்பல. முற்றிய காயை இனங்காணுதல், ஸ்டோரில் உலர்த்துதல், சலித்துப் பருமன்வாரியாகப் பிரித்தல் என ஒவ்வொரு தொழிலுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் தம் வீட்டுமொழியிலும் வழங்கும் சொற்களை அவர்கள் தொகுத்து வரட்டும். அவற்றை எழுத்துத்தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கி எழுதட்டும். ஆசிரியரே அறியாத சொல்லை ஒரு மாணவி கரும்பலகையில் எழுதும் நேரத்தில், தொல்காப்பியர் கல்வியோடு இணைத்த பெருமிதம் அவள் முகத்தில் தோன்றக் காணலாம்.

ஆறாவது, வாரக்குறிப்பு. இவ்வாரம் நான் கற்ற சொல், கற்ற வழி, என்னைத் தடுத்தது, அடுத்த வாரம் செய்யப்போவது என நான்கே வரிகள். திட்டமிடல் உத்தியும் உணர்வு உத்தியும் இதில் ஒருங்கே அமைகின்றன. இதற்கு மதிப்பெண் இடலாகாது; ஆசிரியர் படித்து ஒரு சொல் எழுதித் தந்தால் போதும்.

பெற்றோரும் பெரியோரும்

பள்ளி மட்டும் முயன்றால் இது கைகூடாது. 'உனக்கு இங்கிலீஷ் ஏறாது', 'அவன் மகனைப் பார்' என வீட்டில் எழும் சொற்கள் வகுப்பறை எள்ளலினும் ஆழமாகத் தைக்கும். எழுதப் படிக்க அறியாத தாயும் மொழிக்கல்விக்குத் துணைநிற்க முடியும். 'இன்று பள்ளியில் படித்ததை எனக்குச் சொல்' என அவள் கேட்பாளாயின், நன்னூலார் சொன்ன அரைப்பங்கு அவ்வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடும்.

சமுதாயப் பெரியோர் மாலைநேரப் படிப்பகங்களை அமைத்தும் ஆதரித்தும் வரும் இடங்களில், வினாவிடைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாது, சிறார் கூடிப் பேசவும் வாய்விட்டுப் படிக்கவும் நாளும் அரைமணி ஒதுக்குதல் நன்று. காய் எடுக்கும் பருவத்தில் பெண்பிள்ளைகள்மீது விழும் வீட்டுச்சுமையைப் பகிர்ந்துகொள்ள வழிகாணுதலும் அவர்தம் கடமையாகும். களைத்த உடலில் எந்த உத்தியும் நிலைப்பதில்லை. இந்நாள் கல்லூரி மாணவரும் இதில் பங்கேற்கலாம். முதல் தலைமுறையாகக் கற்று வந்தவர்கள், தாம் எவ்வாறு தயக்கத்தை வென்றனர் என்பதைப் பள்ளிச் சிறாரிடம் எடுத்துரைப்பது எந்நூலும் தராத ஊக்கத்தைத் தரும்.

முடிவுரை

ஏலமலைச் சரிவில் பிறந்த சிறார் மொழித்திறன் குறைந்தவர் அல்லர். பன்மொழிச் சூழலில் வாழ்ந்து, கேட்டும் ஊகித்தும் வினவியும் பல மொழிகளை ஏற்கெனவே தம்மவையாக்கிக் கொண்டவர்கள். மொழி கற்றல் உத்திகள் அவர்களிடம் முன்னரே உள்ளன. பள்ளி வாயிலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வருமாறு அவர்களைச் செய்வது எள்ளலும் அதனால் விளையும் இளிவரலுமே.

ஆகவே, மனவெழுச்சி நுண்ணறிவை மாணவனிடம் எதிர்பார்க்குமுன் ஆசிரியரும் பெற்றோரும் உடன்பயில்வோரும் அதனை மேற்கொள்ளுதல் முறை. அஞ்சுபவனின் முகக்குறிப்பை அறிதலும், அவன் சொல் பிறக்கும்வரை காத்திருத்தலும், அவன் பிழையில் மறைந்துள்ள அறிவைக் காணுதலும் அதன் செயல்வடிவங்கள். இவை அமைந்த வகுப்பறையில் நாவின் முடிச்சுகள் தாமே அவிழும். அத்தகைய வகுப்பறைகள் போடி நகரிலும் மலைச்சரிவிலும் பெருகுக என வேண்டி அமைகின்றோம்.